1983 அபர்டீன்: ரியல் மாட்ரிட்டை வென்றது வெறும் அதிர்ஷ்டமா?

வாசகர் கேள்வி, 2025 மே 26

முந்தாநாள் அபர்டீன் கால்பந்து அணி செல்டிக்கைப் பெனால்டியில் வென்று ஸ்காட்டிஷ் கோப்பையை எடுத்தது, 35 வருஷத்துக்குப் பிறகு. அதைப் பற்றித் தேடும்போதுதான் இதே கிளப் 1983-ல் ரியல் மாட்ரிட்டை, கப் வின்னர்ஸ் கப் என்ற ஐரோப்பியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் வென்றது தெரிந்தது. மழை, ஈரப் புல், கூடுதல் நேரம், தலையால் ஒரு கோல். எனக்கு இது ஒரு ராத்திரி அதிர்ஷ்டமாகத்தான் படுகிறது. அந்த வருஷம் மாட்ரிட் எதையுமே ஜெயிக்கவில்லை. கப் வின்னர்ஸ் கப்பும் இரண்டாம் தரக் கோப்பைதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 26, இரவு 10.40

அதிர்ஷ்டம் இல்லை. நான் அபர்டீனில் ஆறு வருஷம் எண்ணெய்க் கம்பெனிகளுக்குச் சாமான் அனுப்பும் வேலையில் இருந்தவன். இந்தக் கதையை அந்த ஊர்க்காரர்கள் வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அப்புறம் நானே ஒவ்வொரு ஆட்டமாகத் தேடிப் பார்த்தேன்.

இறுதி ஆட்டத்தை மட்டும் பார்த்தால் உங்களுக்குத் தோன்றுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் அது 1983 மே 11. இவர்கள் ஆட ஆரம்பித்தது 1982 ஆகஸ்டில். நடுவே பத்து ஆட்டம். முதன்மைச் சுற்றுக்கு முன்னால் ஒரு தகுதிச் சுற்று, அதில் ஸ்விட்சர்லாந்தின் சியோன்: இங்கே 7-0, அங்கே 4-1. பிறகு அல்பேனியாவின் டினாமோ டிரானா. அது கழிந்து போலந்தின் லெக் போஸ்னன். காலிறுதியில் பேயர்ன் மியூனிக். அரையிறுதியில் பெல்ஜியத்தின் வாட்டர்ஷே. கடைசியில்தான் மாட்ரிட்.

மொத்தம் 11 ஆட்டம். 25 கோல் போட்டு 6 வாங்கினார்கள். ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அதிர்ஷ்டம் ஒரு ராத்திரி வரும், பத்து மாசம் கூடவே வராது.

மே 27, காலை 7.15

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. ஒன்றில் தோற்றார்கள். வாட்டர்ஷேவுடன் ஊரில் 5-1 ஜெயித்துவிட்டு, கெங்க் நகரில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 1-0 என்று விட்டார்கள். எட்டு வெற்றி, இரண்டு சமன், ஒரு தோல்வி. கோல் கணக்கு சரிதான், மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டேன்.

அந்தத் தோல்வியை நான் மறந்ததற்குக் காரணம், அங்கே யாருமே ஸ்கோரைப் பேசமாட்டார்கள். அந்த ஆட்டம் என்றாலே ஸ்டூவர்ட் கென்னடியின் முழங்கால்தான். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டது.

மே 27, இரவு 11.30

பேயர்ன் ஆட்டத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கோப்பை கையில் வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

முதலில் பேயர்ன் யார் என்று பாருங்கள். அதற்கு முந்தைய வருஷம் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதி வரை போய் ஆஸ்டன் வில்லாவிடம் தோற்ற அணி. ரும்மெனிகே, பிரைட்னர், அவ்கென்தாலர், டீட்டர் ஹோனஸ். இந்தக் கப் வின்னர்ஸ் கப்பிலேயே முந்தின சுற்றில் டாட்டன்ஹாமை 4-1 என்று மியூனிக்கில் அடித்து அனுப்பியிருந்தார்கள்.

அபர்டீன் மியூனிக்கில் போய் 0-0. கேட்க நல்ல முடிவுதான். ஆனால் அன்றைய விதிப்படி மொத்தக் கணக்கு சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்டவருக்கு வெற்றி. அதனால் அபர்டீனின் சொந்த மைதானமான பிட்டோட்ரியில் நடக்கும் இரண்டாம் ஆட்டத்தில் 1-1 ஆனாலும் 2-2 ஆனாலும் பேயர்ன்தான் மேலே போகும். அபர்டீன் ஜெயித்தே ஆக வேண்டும். 0-0 என்பது பாதி வலை, பாதி வரம்.

மார்ச் 16. பத்தாவது நிமிஷம், அவ்கென்தாலர் தூரத்திலிருந்து அடித்த அடி உள்ளே. இனி இரண்டு கோல் வேண்டும். இடைவேளைக்கு முன் நீல் சிம்ப்சன் அடித்துப் பிடித்து ஒன்றை உள்ளே தள்ளினார். 1-1. அறுபது நிமிஷம் தாண்டியதும் ஃப்லூக்லர் மறுபடி ஒன்று. 1-2. மறுபடியும் இரண்டு கோல் வேண்டும், இப்போது நேரமும் குறைவு.

அபர்டீன் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் இரண்டு பேரை மாற்றினார்: ஜான் மெக்மாஸ்டர், ஜான் ஹியூவிட். 76-வது நிமிஷம் வலப்பக்கம் ஒரு ஃப்ரீகிக். ஸ்ட்ராக்கனும் மெக்மாஸ்டரும் ஒரே நேரத்தில் பந்தை நோக்கி ஓடி, ஒருவர் மேல் ஒருவர் மோதப் போவது போல நின்று, நீயா நானா என்று தகராறு செய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேயர்ன் தடுப்பு ஒரு நொடி தளர்ந்தது. அதற்குள் ஸ்ட்ராக்கன் திரும்பி பந்தைத் தூக்கிப் போட, மெக்லீஷ் தலையால் இடித்தார். 2-2.

மைதானம் இன்னும் கத்தி முடிக்கவில்லை. ஆட்டம் தொடங்கி, பந்து மறுபடி பேயர்ன் பக்கம். எரிக் பிளாக் தலையால் இடித்ததை கோல்கீப்பர் முல்லர் தட்டிவிட, விழுந்த பந்தை ஹியூவிட் அவர் கால்களுக்கு நடுவே தள்ளினார். 3-2.

அந்த ஃப்ரீகிக் தந்திரம் அன்றைக்குத் தோன்றியது இல்லை. பயிற்சி மைதானத்தில் பழகியது, ஸ்காட்டிஷ் லீக் ஆட்டங்களிலும் முயன்று பார்த்தது. தோல்விக்குக் கால்மணி நேரம் மிச்சம் இருக்கும்போது, அதைச் செய்து பார்க்கும் நிதானம் ஒரு அணிக்கு இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

மே 28, மதியம் 1.05

"மாட்ரிட் அந்த வருஷம் பலவீனம்" என்று மறுபடி ஒருவர். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு கணக்குப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் அவர்கள் இழந்தவை ஐந்து: லீக், ஸ்பானிய அரசர் கோப்பை, லீக் கோப்பை, ஸ்பானிய சூப்பர் கப், இந்தக் கோப்பை. ஐந்திலும் கடைசிப் படி வரை போய் இழந்தார்கள். லீக்கில் அத்லெடிக் பில்பாவோவிடம் ஒரே புள்ளியில் பின்தங்கினார்கள், அதுவும் கடைசி நாள் வலென்சியாவிடம் தோற்று. இரண்டு உள்நாட்டுக் கோப்பை இறுதியிலும் பார்சிலோனாவிடம் தோல்வி.

பலவீனமான அணி இப்படித் தோற்காது. ஐந்து இடத்தில் இரண்டாவதாக வருவதற்கு நல்ல அணியாக இருக்க வேண்டும். அந்த அணியில் கமாச்சோ, ஸ்டீலிகே, மெட்கோட், ஹுவானிடோ, சாண்டிலானா இருந்தார்கள். பயிற்சியாளர் அல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபனோ. காலிறுதியில் இன்டர் மிலானை வெளியேற்றிவிட்டு வந்தவர்கள்.

இன்னொன்று. அந்த மே மாதத்துக்குப் பிறகு மாட்ரிட் எத்தனையோ சாம்பியன்ஸ் லீக் இறுதி, யுயேஃபா கோப்பை இறுதி ஆடிவிட்டது. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. (சூப்பர் கப் ஒற்றை ஆட்டங்களை நான் இதில் சேர்க்கவில்லை.)

மே 28, இரவு 9.50

இறுதி ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக.

கோத்தன்பர்க், உல்லெவி மைதானம். ஸ்வீடன். மழையில் புல் ஊறிப்போய், பந்து சில இடத்தில் வழுக்கியது, சில இடத்தில் செத்து நின்றது. பார்வையாளர் 17,804. பெரிய மைதானத்துக்கு இது குறைவு. ஆனால் அதில் பத்தாயிரத்துக்கு மேல் அபர்டீன்காரர்கள். விமானத்திலும், வழக்கமாக ஷெட்லாந்து தீவுக்கு ஓடும் செயின்ட் கிளேர் என்ற கப்பலிலும் போனவர்கள். ஒரு சின்ன ஊரிலிருந்து அத்தனை பேர் கிளம்பிப் போனார்கள்.

தொடக்கத்திலேயே எரிக் பிளாக் அடித்தது மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஏழாவது நிமிஷம் ஸ்ட்ராக்கனின் கார்னர், மெக்லீஷ் தலை, தடுப்பாட்டக்காரர் மேல் பட்டு விழுந்த பந்து பிளாக்கின் காலில். 1-0. ஏழு நிமிஷம் கழித்து அதே மெக்லீஷ் தன் கோல்கீப்பர் லெய்டனுக்குத் திருப்பி அடித்த பந்து ஈரத்தில் நின்றுவிட்டது. சாண்டிலானா பாய்ந்தார், லெய்டன் அவரை விழுத்தினார், பெனால்டி. ஹுவானிடோ. 1-1.

பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கோல் இல்லை. இந்த நேரத்தைத்தான் எல்லோரும் தாண்டி ஓட்டிவிடுகிறார்கள். அதைப் பாருங்கள். இரண்டாம் பாதியிலிருந்து பந்து பெரும்பாலும் யார் பக்கம் இருந்தது என்று பாருங்கள். இடது ஓரத்தில் பீட்டர் வியர் என்ன செய்தார் என்று பாருங்கள். மாட்ரிட் பதுங்கி ஆடியது, இவர்கள் தேடித் தேடி ஆடினார்கள்.

87-வது நிமிஷம் பிளாக்குக்குப் பதில் ஹியூவிட். கூடுதல் நேரம், 112-வது நிமிஷம். வியர் இடது பக்கம் தன் இடத்திலிருந்து இரண்டு பேரைக் கடந்து, பந்தைத் தூக்கி மெக்கீயின் ஓட்டத்துக்கு முன்னால் போட்டார். மெக்கீ ஓரத்திலிருந்து உள்ளே அனுப்பினார். கோல்கீப்பர் அகுஸ்டின் வெளியே வந்தார், பந்து கிடைக்கவில்லை. பின்னால் ஓடி வந்த ஹியூவிட் பாய்ந்து தலையால். 2-1.

கடைசி நேரத்தில் மாட்ரிட்டுக்கு ஒரு ஃப்ரீகிக், கம்பத்துக்கு வெளியே போனது. உங்கள் அதிர்ஷ்டம் என்ற சொல்லை இந்த ஒரு இடத்துக்கு வேண்டுமானால் தருகிறேன்.

மே 29, காலை 6.50

தூங்கி எழுந்ததும் தோன்றியது. ஹியூவிட் மாற்று ஆட்டக்காரர், அவர் இரண்டு பெரிய கோல் போட்டது தற்செயல் என்று யாராவது எழுதுவீர்கள். டினாமோ டிரானாவுடன் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து விழுந்த ஒரே கோலும் அவருடையதுதான். 1-0, 0-0. அதாவது மூன்று சுற்றுகளை முடித்து வைத்தது இருபது வயது தாண்டாத இந்தப் பையன்.

அந்த டிரானா ஆட்டங்களை யாரும் பேசுவதில்லை. அன்றைய அல்பேனியா கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாடு, என்வர் ஹோட்ஜாவின் ஆட்சி. கையில் ஒரே ஒரு கோலை வைத்துக்கொண்டு அங்கே போய் 90 நிமிஷம் தாக்குப்பிடிக்க வேண்டும். அங்கே ஒன்று நழுவியிருந்தால் பேயர்னும் இல்லை, கோத்தன்பர்க்கும் இல்லை. நாக்-அவுட் என்றால் அதுதான். இப்போது போல எட்டு ஆட்டம் ஆடித் தரவரிசையில் இடம் பிடிக்கும் வசதி அப்போது கிடையாது.

மே 29, இரவு 10.20

விஸ்கி பாட்டில் கதை உண்மையா என்று கேள்வி. உண்மைதான். ஸ்காட்லாந்து தேசிய அணியின் அன்றைய மேலாளர் ஜாக் ஸ்டீன் கோத்தன்பர்க்குக்கு உடன் போயிருந்தார். 1967-ல் செல்டிக்குக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்தவர். அவர் சொன்ன யோசனைப்படி ஃபெர்குசன் ஒரு நல்ல ஸ்காட்ச் பாட்டிலை டி ஸ்டெஃபனோவுக்குப் பரிசாகக் கொடுத்தார். எங்களுக்கு உங்களோடு ஆடக் கிடைத்ததே பெரிய பாக்கியம் என்று அவர்கள் நினைக்கட்டும் என்பது எண்ணம்.

இதை வெறும் தந்திரமாக மட்டும் நான் பார்க்கவில்லை. ஃபெர்குசனுக்கு டி ஸ்டெஃபனோ மேல் இருந்தது நிஜ மரியாதை. 1960-ல் கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க்கில் மாட்ரிட் ஃபிராங்க்பர்ட்டை 7-3 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் டி ஸ்டெஃபனோ மூன்று கோல் போட்டார். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. வணங்கியும் கொள்ளலாம், வெல்லவும் செய்யலாம்.

மே 31, மாலை 5.30

விஷயத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். அந்தப் பதினோரு பேரும் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்று எழுதுவார்கள். ஆமாம். ஆனால் நடுக்களத்தில் ஆடிய நீல் கூப்பர் பிறந்தது டார்ஜிலிங்கில். நம் டார்ஜிலிங்தான். அவருடைய அப்பா தேயிலைத் தோட்ட வேலையில் இருந்தவர். பையனாக இருக்கும்போதே குடும்பம் அபர்டீனுக்கு வந்துவிட்டது.

இது எனக்குத் தெரிந்த நாள் நினைவிருக்கிறது. 2018 மே மாதக் கடைசியில் கூப்பர் காலமானார், வயது 54. அலுவலகத்தில் அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. ஒரு முதியவர் என்னிடம் வந்து, "உங்கள் ஊரில் பிறந்த பையன்" என்றார். என் ஊர் திருநெல்வேலி, டார்ஜிலிங் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு மேல் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஒரு ஊர் தன் பையனை என்னோடு பங்குபோட வந்து நிற்கும்போது தூரத்தைப் பற்றி என்ன பேச.

கோத்தன்பர்க்கில் கூப்பருக்கு வயது 19. எரிக் பிளாக்குக்கும் 19. ஹியூவிட் 20, சிம்ப்சன் 21. கேப்டன் வில்லி மில்லர்தான் பெரியவர் மாதிரி, அவருக்கே 28.

ஜூன் 1, இரவு 8.45

"இரண்டாம் தரக் கோப்பை" என்பதற்குப் பதில் பாக்கி.

கப் வின்னர்ஸ் கப்புக்கு ஒவ்வொரு நாட்டின் உள்நாட்டுக் கோப்பையை வென்ற அணி போகும். 1960-61-ல் ஆரம்பித்தது, 1999-ல் நின்றது. கடைசி இறுதி ஆட்டம் பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில், லாசியோ 2-1 மயோர்க்கா.

ஐரோப்பியக் கோப்பைக்கு அடுத்த இடம் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. பலமில்லாத அணிகளும் இருந்தன. அந்தப் பருவத்திலேயே வேல்ஸின் ஸ்வான்சி, மால்டாவின் ஸ்லீமா வாண்டரர்ஸை ஒரே ஆட்டத்தில் 12-0 என்று அடித்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்போது ஐரோப்பியக் கோப்பைக்கு ஒரு நாட்டிலிருந்து லீக் சாம்பியன் மட்டும்தான் போவார், நடப்பு சாம்பியன் தனிக் கணக்கு. இப்போது போல ஸ்பெயினிலிருந்து நாலைந்து பேர் இல்லை. அதனால் மிச்சப் பெரிய அணிகள் மற்ற இரண்டு கோப்பைகளில் பரவிக் கிடந்தன. 1982-83-ல் இந்தக் கோப்பையில் இருந்தவர்கள்: பார்சிலோனா, மாட்ரிட், பேயர்ன், இன்டர், டாட்டன்ஹாம், பாரிஸ் செயின்ட் ஜெர்மைன். இன்றைய சாம்பியன்ஸ் லீக் கடைசிச் சுற்றுகளின் பட்டியல் மாதிரி இருக்கிறது.

இதில் பார்சிலோனா நடப்பு சாம்பியன். மரடோனா வந்து சேர்ந்த முதல் வருஷம். காலிறுதியில் ஆஸ்திரியா வியன்னாவிடம் 0-0, 1-1, வெளியூர் கோல் கணக்கில் வெளியே. இந்தக் கோப்பையை யாருமே அடுத்தடுத்து இரண்டு வருஷம் வென்றதில்லை. அபர்டீனும் அடுத்த வருஷம் அரையிறுதி வரை வந்து போர்ட்டோவிடம் நின்றது.

வாட்டர்ஷேவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரையிறுதியில் சுலப எதிரி கிடைத்தது என்பார்கள். அந்தச் சுலப எதிரி காலிறுதியில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைனிடம் 2-0 தோற்றுவிட்டு, ஊரில் கூடுதல் நேரத்தில் 3-0 என்று திருப்பிக் கொடுத்தவர்கள். நிலக்கரிச் சுரங்க ஊர் அணி. 1988-ல் பக்கத்துக் கிளப்புடன் சேர்ந்து இன்றைய கெங்க் ஆனது.

ஜூன் 1, இரவு 9.10

விட்டுப்போனது: அதே வருஷ நவம்பர், டிசம்பரில் ஐரோப்பியக் கோப்பைச் சாம்பியன் ஹாம்பர்க்குடன் சூப்பர் கப். அங்கே 0-0, பிட்டோட்ரியில் 2-0, கோல் சிம்ப்சன், மெக்கீ. இரண்டாம் தரம் முதல் தரத்தை வென்றது. ஐரோப்பாவில் இரண்டு கோப்பை எடுத்த ஸ்காட்டிஷ் கிளப் இன்றுவரை அபர்டீன் மட்டும்தான்.

ஜூன் 4, இரவு 11.55

கென்னடி. எழுதுகிறேன் என்று சொல்லி ஒரு வாரமாகிவிட்டது.

ஸ்டூவர்ட் கென்னடி வலது தடுப்பாட்டக்காரர். 1978 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்துக்கு ஆடியவர். ஃபெர்குசன் அபர்டீனுக்கு வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர். வேகம்தான் அவருடைய அடையாளம்.

கெங்க்கில் நடந்த இரண்டாம் ஆட்டத்துக்குப் போகும்போது அபர்டீன் 5-1 முன்னிலையில் இருக்கிறது. இறுதிக்குப் போவது கிட்டத்தட்ட முடிவான விஷயம். அந்த ஆட்டத்தில் முழங்காலில் அடி. அவர் பிறகு ஆடவே இல்லை. 29 வயது. கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஏற்கெனவே ஜெயித்துவிட்ட ஒரு சுற்றின் மிச்சத்தில்.

ஃபெர்குசன் என்ன செய்தார் என்றால், கோத்தன்பர்க் மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார். ஆட முடியாது என்று தெரிந்தே. அந்த பெஞ்சில் ஐந்து இடம்தான். ஒரு இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரம் வரை போகக்கூடிய ஒரு ராத்திரியில், ஓட முடியாத ஒருவருக்காக ஒரு இடத்தை விட்டுக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. பதக்கம் அவருக்கும் வந்தது.

அரையிறுதியில் வாட்டர்ஷேவைக் கலங்கடித்த டக்கி பெல்லும் காயத்தால் இறுதியில் ஆடவில்லை. போஸ்னனில் வென்ற கோல் அவருடையது.

எனக்கு முன்பு ஒரு எண்ணம் இருந்தது. பெஞ்ச் இடத்தை இப்படிச் செலவழித்தது மேலாளராக ஃபெர்குசன் செய்த தப்பு, ஜெயித்ததால் மறந்துவிட்டார்கள் என்று. வேலையில் ஒரு சம்பவத்துக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். எங்கள் குழுவில் ஒருவர் ஒரு திட்டத்தை எட்டு மாசம் சுமந்து, முடிவதற்குச் சில நாள் முன் முதுகு விழுந்து படுத்துவிட்டார். முடித்து வைத்த அன்று எடுத்த படத்தில் அவர் இல்லை, அறிக்கையில் பெயரும் இல்லை. கேட்க வேண்டிய நானும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்தக் குழுவில் யாரும் முன்போல வேலை செய்யவில்லை, நான் உள்பட. கென்னடி பெயரைப் பட்டியலில் பார்த்த மற்ற பதினைந்து பேருக்கு அன்று என்ன தோன்றியிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. கூடுதல் நேரத்தில் அவர்கள் ஓடிய ஓட்டத்தில் அதுவும் இருந்தது.

ஜூன் 5, காலை 8.00

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஃபெர்குசன் கருணைக் கடல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்தே நாள் கழித்து, மே 21, ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் ரேஞ்சர்ஸை 1-0 என்று கூடுதல் நேரத்தில் வென்றார்கள். பிளாக் கோல். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே தொலைக்காட்சியில் தன் அணியைத் திட்டித் தீர்த்தார். மில்லரும் மெக்லீஷும் இரண்டு பேர் மட்டுமே ஜெயித்துக் கொடுத்தார்கள், மற்றவர்கள் ஆட்டம் கேவலம் என்று. ஐரோப்பாவை வென்று பத்து நாள் ஆன பையன்களை. மறுநாள் மன்னிப்புக் கேட்டார்.

லீக்கில் அந்த வருஷம் டண்டீ யுனைடெட் 56 புள்ளி, செல்டிக் 55, அபர்டீன் 55. ஒரு புள்ளியில் போன லீக்கும் அவர் மனசை அரித்திருக்க வேண்டும்.

ஜூன் 9, இரவு 10.05

அந்த அணி பிறகு என்ன ஆனது என்றால், 1984-லேயே ஸ்ட்ராக்கன் மான்செஸ்டர் யுனைடெட், மெக்கீ ஹாம்பர்க், ரூக்வி செல்சீ. ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் போனார். 1991-ல் ராட்டர்டாமில் பார்சிலோனாவை 2-1 என்று வென்று அங்கேயும் அவர் ஐரோப்பாவில் எடுத்த முதல் கோப்பை இதே கப் வின்னர்ஸ் கப்தான். பிட்டோட்ரிக்கு வெளியே இப்போது அவருக்குச் சிலை இருக்கிறது, 2022-ல் வைத்தது.

ஜூன் 15, இரவு 11.20

இது கடைசி. கூப்பர் இறந்த அன்று என்னிடம் வந்து பேசினார் என்று எழுதினேனே, அந்த முதியவரைப் பற்றி.

1983-ல் அவர் வட கடலில் ஒரு எண்ணெய் மேடையில் வேலை. இறுதி ஆட்டத்தன்று ராத்திரி ஷிஃப்ட். ஊரே கோத்தன்பர்க்குக்குப் போயிருக்க, இவர் கடல் நடுவில் குழாய்களோடு. ரேடியோ இருந்தது கிரேன் ஓட்டுபவரிடம் மட்டும். கோல் விழுந்தால் மேலேயிருந்து ஹாரன் அடிப்பதாக ஏற்பாடு.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஹாரன் கேட்டது. 1-0. அதன் பிறகு ஒன்றும் இல்லை. மாட்ரிட் கோலுக்கு யார் ஹாரன் அடிப்பார்கள்? இவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் அபர்டீன் முன்னிலையில் இருப்பதாகவே நினைத்து நிம்மதியாக வேலை பார்த்தார். தேநீர் இடைவேளையில்தான் 1-1 என்று தெரிந்தது. அதன் பிறகு கை ஓடவில்லை என்பார். பிறகு ஒரு நீண்ட ஹாரன். கொஞ்ச நேரம் கழித்து, நிறுத்தாமல் இன்னொன்று.

அவர் அதற்குப் பிறகு கோல்களைத் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறாரே தவிர, முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. நான் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் அவர் வீட்டில், என் மடிக்கணினியில், இரண்டு பேரும் முதல் நிமிஷத்திலிருந்து பார்த்தோம். பிளாக் கோலுக்குக் கையைத் தட்டினார். பதினாலாவது நிமிஷம் ஹுவானிடோ பந்தைப் பெனால்டி இடத்தில் வைத்தபோது எழுந்து தேநீர் போடப் போய்விட்டார். அது உள்ளே போய், ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகுதான் கோப்பைகளோடு வந்து உட்கார்ந்தார்.